தேசிமரத்தடியில் எடுத்த காசு

(வாலிபர் சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



யாழ்ப்பாண இராச்சியத்தைப்பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டார். நான் இரசாயனம் படிக்கும் மாணவன், சரித்திரம் படிப்பவனல்லன். ஏறக்குறைய நான்கு நூற்றாண்டு நின்ற ஓர் இராச்சியத்தை அரைமணி நேரத்துள் அடக்குவது சரித்திர மாணவர்க்கே அரிது. ஆகவே, என் உள்ளங்கையில் அடங்கிய ஒரு பொருளைப்பற்றி மட்டும் பேச அநுமதி கேட்டேன். அவரும் இசைந்தார். அப்பொருள் ஒரு செப்புக்காசு. எங்கள் வளவில், தேசிமரத்தடியில் அகப்பட்டது. அது எங்கிருந்து வந்தது, யார் அடித்தது என்று அறிவதற்கு நான் பட்ட பாட்டையும், அதற்கு நானே செய்த கேட்டையும் சொல்லப்போகிறேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத முடிவில் வலிகாமத்துச் சனங்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்த கதையைப் பெரியோர்க்கு நான் சொல்லவேண்டுவதில்லை. நான் அப்போது பிறந்திருக்கவில்லை. கையிற் கொண்டுபோக இயலாத பித்தளை, வெண்கலச் சாமான்களைப் பலர் வளவிற் புதைத்துவிட்டுப் போனார்கள் என்பதை வீட்டாரிடமிருந்து கேட்டறிந்தேன். எங்கள் அம்மம்மாவும் அவ்வாறே ஒரு குடத்தையும் இரண்டு செம்புகளையும் கிணற்றடியிலும், தம் தாயார் சீதனமாய்க் கொண்டுவந்த குத்துவிளக்கைத் தனியாக வேறோரிடத்திலும் தாட்டுவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது குடமும் செம்புகளும் கிடைத்தன, விளக்குக் கிடைக்கவில்லை. “தேசிமரத்தடியிலைதான் மோனை தாட்டனான்” என்று அவர் சொல்லாத நாளில்லை. மரத்தடியை எத்தனையோமுறை கிண்டியும் பார்த்தார்களாம்.

சென்ற ஆண்டு அந்தத் தேசிமரம் பட்டுப்போயிற்று. அடிக்கட்டையைப் பிடுங்க வேண்டி வந்தபோது, விளக்கையும் தேடிவிடுவோமென்று மாமாவும் நானும் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தோண்டினோம். விளக்கில்லை. வெட்டி எறிந்த மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த என் தங்கைதான் பச்சை நிறமான சிறு வட்டமொன்றை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். ஒருபுறம் மண் கட்டிபட்டுக் கிடந்தது. மற்றப்புறத்திற் கோடுகள் சில தெரிந்தன.

அன்று பின்னேரத்துக்குள் அந்தக் காசுக்குப் பல பிறப்புக் கிடைத்துவிட்டன. மாமா அதனை ஒல்லாந்தர் துட்டு என்றார். பக்கத்து வளவுச் சிறுவன் இராவணன் காலத்துக் காசு என்றான். மாமி ஒருவர் தொட்டும் பாராமல், “ஆரோ செய்வினை செய்து தாட்ட தகடு, கொண்டுபோய்க் கடலிலை எறியுங்கோ” என்றார். அம்மம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தம் பாட்டனார் இராமேசுவர யாத்திரை போய் வந்தவரென்றும், சேதுவில் நீராடி அங்கிருந்து கொண்டுவந்த காசாகத்தான் இது இருக்கவேண்டுமென்றும் முடிவுகட்டிச் சாமியறையிற் பிள்ளையார் படத்தடியில் வைத்துவிட்டார். தலைமன்னாரிலிருந்து தனுக்கோடிக்குக் கப்பலோடிய காலம் அது. 1914இல் தொடங்கிய அந்தப் போக்குவரத்து, 1964 மார்கழிப் புயல் தனுக்கோடியை அழித்ததோடு அவ்வழியில் நின்றுபோயிற்று. அம்மம்மாவுக்கு அந்தக் கப்பற்கதை சொல்லப்படும்போதெல்லாம் முகம் மலரும். ஆகையால் அப்பொழுது நான் மறுத்துப் பேசவில்லை.

இனி என் பிழையைச் சொல்கிறேன். இரண்டாம்நாள் சாமியறையிலிருந்து காசை எடுத்து, பழப்புளியும் சாம்பலும் இட்டுத் தேங்காய்த்தும்பினால் நன்றாகத் தேய்த்தேன். குத்துவிளக்கு மினுக்குவதுபோல மினுக்கினேன். செம்பு சிவந்து பளபளத்தது. வீட்டார் எல்லாரும் மெச்சினார்கள். நானும் மெச்சிக்கொண்டேன். மறுநாள் பகல் வெளிச்சத்திற் கைத்தொலைபேசியால் அதனைப் படம்பிடித்து, தங்கை முதல்நாள் தேய்க்குமுன் எடுத்துவைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டபோதுதான் வயிறு பகீரென்றது. முதற்படத்தில் தெரிந்த சில கோடுகள் காசில் இல்லை.

செம்பு நெடுங்காலம் மண்ணுட் கிடந்தால் ஈரமும் கரியமிலவாயுவும் சேர்ந்து அதன் மேற்புறத்தை மெல்ல மெல்ல உண்கின்றன. உள்ளே சிவந்த ஒக்சைட்டும், வெளியே பச்சைக் காபனேற்றுமாக ஒரு தோல் உண்டாகிறது. அதனையே நாம் களிம்பு என்கிறோம். களிம்பு காசின்மேல் ஒட்டிய அழுக்கன்று. காசின் மேற்றோலே களிம்பாக மாறியிருக்கிறது. அடித்தபோது பதிந்த உருவும் எழுத்தும் பலவிடங்களில் அந்தத் தோலிலேதான் தங்கியிருக்கும். புளியிலுள்ள தாத்தாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும். தோலோடு எழுத்தும் போய்விடும். இதனைப் பரீட்சையிற் கேட்டிருந்தால் நான் சமன்பாட்டோடு எழுதி முழுப்புள்ளியும் வாங்கியிருப்பேன். கிணற்றடியில் இருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. வெறுந் தண்ணீரில் மண்ணைக் கரைத்து, மென்மையான தூரிகையால் துடைத்து, நிழலில் உலரவிட்டு அத்தோடு நிறுத்தியிருக்கவேண்டும்.

எஞ்சியதை வைத்து ஆராயத் தொடங்கினேன். எங்களூர்ப் பத்தர் ஒருவர் தம் தராசில் நிறுத்துப் பார்த்தார். நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு. குறுக்களவு இரண்டு சதமமீற்றர் வரும். ஒருபுறத்தில் நிற்கும் ஓர் உருவம். கைகால்கள் ஈர்க்குக்குச்சிகள் போலிருக்கும். இடையிற் கட்டிய ஆடையின் மடிப்பு இருபக்கமும் கோடுகளாக விழும். உருவத்தின் வலப்புறத்திற் குத்துவிளக்குப் போன்றதொரு கோலம். இடப்புறத்திலும் அப்படியொன்று இருந்தது. அது தங்கையின் படத்தில் மட்டும் இருக்கிறது. மற்றப்புறத்திற் படுத்திருக்கும் எருது, அதற்கு மேலே பிறை, கீழே தமிழெழுத்து. எருதுப் பக்கம் மண் கட்டியாயிருந்தமையாற் புளி அதிகம் பிடிக்கவில்லை. அந்த மண்கட்டிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்த மாத்திரத்தில் மாமாவின் கட்சி வீழ்ந்தது. ஒல்லாந்தக் கம்பனியின் துட்டில் வீ, ஓ, சீ என்னும் மூன்றெழுத்தும் ஒன்றையொன்று பின்னியிருக்கும். மற்றப்புறத்தில் நெதர்லாந்து மாகாணமொன்றின் சின்னம், பெரும்பாலும் முடியணிந்த கேடயத்திற் சிங்கம். அடித்த ஆண்டும் இருக்கும். அதைக் கண்டறிவதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. எழுதப்படிக்கத் தெரிந்தாற் போதும். எங்கள் தோட்டங்களில் அது அடிக்கடி அகப்படுவதால், மண்ணில் எடுத்த செம்பெல்லாம் ஒல்லாந்தத் துட்டு என்னும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. துட்டு என்ற சொல்லே அவர்களுடைய டொயிற் என்ற காசுப்பெயரிலிருந்து எங்கள் பேச்சில் வந்து குடியேறியதுதானே.

செய்வினைக் கட்சியை மாமியிடமே விட்டுவிடுகிறேன். இராவணன் கட்சிக்காரன் காசைப் பார்த்தபின் தன் மனத்தை மாற்றிக்கொண்டான். நிற்பது முருகன், கையிலிருப்பது வேல் என்றான்.

அடுத்ததாக, எங்களூரில் இளைப்பாறிய மாஸ்டர் ஒருவரிடம் கொண்டுபோனேன். எனக்குத் தமிழும் தேவாரமும் வீட்டுத் திண்ணையிற் சொல்லித்தந்தவர். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காசைக் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்து, “செது” என்று வாசித்தார். மறுபடியும் பார்த்து, “செது எண்டால் என்ன தம்பி? காசடிச்சவனுக்கு எழுத்துத் தெரியாதோ?” என்றார். நானும் திகைத்தேன். சிறிதுநேரம் சென்றபின் அவரே சிரித்தார். பழந்தமிழ்ச் சாசனங்களில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒற்றைக் கொம்பையே எழுதுவார்கள். நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்து இரட்டையாக்கும் வழக்கம், 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த எழுத்துத் திருத்தத்தின்பின் பரவியது. ஆகவே கொம்பும் சகரமும் துகரமும் நின்றால் அது “சேது” என்றே கொள்ளப்படும். காசடித்தவன் பிழைவிடவில்லை, அவன் வீரமாமுனிவருக்கு முந்தியவன். அந்த ஒரு கொம்பு எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்ததென்று சொல்லமுடியாது. இல்லாத ஒரு சுழியே காலங்காட்டுகிறதல்லவா!

சேது என்று வாசித்தவுடன் மாஸ்டர் தீர்ப்பும் சொல்லிவிட்டார். “சேது எண்டால் இராமநாதபுரம். சேதுபதியின்ரை காசு. உன்ரை அம்மம்மா சொன்னதுதான் சரி.” அம்மம்மாவுக்கு இச்செய்தி என்னிலும் முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்தபோது காசின் இடத்துக்கு ஒரு செம்பரத்தம்பூ வைக்கப்பட்டிருந்தது.

மாஸ்டர் சொன்னது ஊர்ப்பேச்சு மட்டுமன்று. முன்னாளில் நாணய ஆராய்ச்சி செய்த சிலரும் இக்காசுகளைச் சேதுபதிகளுக்கே உரியனவாகக் கருதினர். இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட அணைக்கே சேது என்று பெயர். அதைக் காத்தவர் சேதுபதிகள். அக்கரையிலும் இக்காசுகள் கிடைக்கின்றன. இம்மூன்றையும் கூட்டினால் விடை இராமநாதபுரம் என்று வருவது இயற்கையே. பல்கலைக்கழக நூலகத்திற் பழைய சஞ்சிகைகளைப் புரட்டும்வரை எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

நூலகத்தில் என்னை வேறு வழிக்குத் திருப்பியவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். 1875இல் மானிப்பாயிற் சைவ குடும்பத்தில் வைத்திலிங்கமாகப் பிறந்து, கத்தோலிக்கக் குருவாகி, 1947இல் மறைந்தவர். யாழ்ப்பாண அரசரின் மறக்கப்பட்ட நாணயங்கள் என்னும் பொருளில் 1920இல் அவர் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். இந்த எருதும் சேது என்னும் எழுத்தும் உடைய காசுகள் நல்லூரிலிருந்து அரசாண்ட ஆரியச்சக்கரவர்த்திகளுடையவை என்பதே அவர் கொள்கை. கொட்றிங்ரன் என்னும் ஆங்கில உத்தியோகத்தர் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலிலும் அக்காசுகள் யாழ்ப்பாண அரசர்க்கே உரியனவாக வைக்கப்பட்டன. முதலியார் இராசநாயகம் 1926இல் எழுதிய பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலிலும் அப்படியே. பின்வந்த ஆராய்ச்சியாளரும், எங்கள் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் புஷ்பரட்ணம் உட்பட, இவ்வழியே சென்றிருக்கிறார்கள்.

நான் மிசன் பாடசாலையிற் படித்தவனென்பது இங்குப் பலருக்குத் தெரியும். ‘வேதப்பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு எங்கள் சங்கத்தில் என்ன பேச்சு’ என்று ஒருவர் முன்பு பகிடியாகக் கேட்டதுமுண்டு. அவருக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். சைவ அரசர் தம் நந்தியைப் பொறித்த காசை அவர்களுடையதென்று மீட்டுத்தந்தவர்களுள் முன்னின்றவர் சிலுவையணிந்த ஒரு சுவாமியார். அவர் கட்டுரையை நான் வாசித்து முடித்த அன்று நல்லூர்க் கோயிலுக்கும் போனேன். இரண்டும் ஒரு மனத்துள் இருக்க இடமுண்டு.

மாஸ்டர் இலேசில் ஒப்புபவரல்லர். ஆகையால், ஏன் இராமநாதபுரம் அன்று என்பதற்கு நியாயங்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி அவர் திண்ணைக்குப் போனேன்.

முதல் நியாயம் காசின் உருவத்திலேயே இருக்கிறது. நிற்கும் அரசன் உருவமுடைய காசு இலங்கைக்குப் புதியதன்று. முதலாம் இராசராச சோழன் காலந்தொட்டு ஒருபுறம் நிற்கும் அரசனும் மறுபுறம் இருக்கும் அரசனும் பொறித்த காசுகள் இங்கே வழங்கின. இருக்கும் உருவத்தருகே நாகரவெழுத்தில் அரசன் பெயர் இருக்கும். 1070இற் சோழராட்சி நீங்கியபின், பொலன்னறுவையில் ஆண்ட சிங்கள அரசர்களும் அந்த அச்சையே பின்பற்றினர். பராக்கிரமபாகு, லீலாவதி முதலியோர் காசுகளைப் படத்திற் பாருங்கள்; அதே ஈர்க்குக்குச்சிக் கைகால்கள், அதே ஆடைக்கோடுகள். எங்கள் தேசிமரத்தடிக் காசில் நிற்பவரும் அந்தக் குடும்பத்தவரே. மறுபுறத்தில் இருக்கும் அரசனுக்குப் பதிலாக எருது வந்துவிட்டது. நாகரவெழுத்துக்குப் பதிலாகத் தமிழ் வந்துவிட்டது. பொலன்னறுவைக் காசைக் கையில் வாங்கிக் கொடுத்துப் பழகிய சனங்களுக்காக அடித்த காசு இது. பழைய முகம் தெரிந்தால்தானே கடைக்காரன் வாங்குவான்!

மதுரை நாயக்கர் காலத்தில், 1605இற் சடைக்கத்தேவர் சேதுபதியாக ஏற்படுத்தப்பட்டார். அவர்கள் மரபு இராமபிரான் காலத்திலிருந்தே வருவதென்று பரம்பரைக்கதை உண்டு. அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த ஓர் அரசு, இலங்கையிற் பல நூற்றாண்டுகளுக்கு முன் வழங்கிய அச்சைத் தேடிப்பிடித்து அடித்ததென்பது பொருந்துமா? நல்லூர் அரசோ 13ஆம் நூற்றாண்டில் எழுந்து, 1619இற் பறங்கியர் கையில் வீழ்ந்தது. பொலன்னறுவையின் காசு மறையுங் காலமும் நல்லூர் அரசு தோன்றுங் காலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

இரண்டாவது நியாயத்துக்கு மாஸ்டரிடம் மறுமொழியில்லை. கேகாலைப் பகுதியிலுள்ள கோட்டகம என்னுமிடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு அகப்பட்டது. பெல் என்பவர் 1892இல் வெளிவந்த தம் கேகாலை அறிக்கையில் அதனை எடுத்துக்காட்டினார். சிங்கைநகர் ஆரியச்சக்கரவர்த்தி பெற்ற வெற்றியைப் பாடும் செய்யுள் அது. அந்தக் கல்லின் தலைப்பில் ‘சேது’ என்ற சொல் நிற்கிறது. நாம் கடிதத்தின் தலையிற் பிள்ளையார் சுழி போடுவதுபோல அவ்வரசர் தம் சாசனத்தின் தலையிற் சேதுவை வைத்தனர். கல்லில் தலைப்பிட்ட சொல்லைக் காசிலும் இட்டனர்.

எருதுக்கும் சான்றுண்டு. செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் பெயர்களை மாறிமாறிச் சூடிக்கொண்ட அவ்வரசர்களின் கொடி இடபக்கொடி. செகராசசேகரமாலை சோதிடநூலாயினும், அதனைச் செய்வித்த அரசனின் பெருமையையும் கூறுகிறது. சேதுவைக் காப்பவர் என்னும் பெயரும் அவர்களுக்குண்டு. அக்கரையில் அப்பெயரைச் சேதுபதிகள் தாங்குவதற்கு முன்னே இக்கரையில் அது வழங்கியது. அப்படியாயின் அக்கரையில் இக்காசு அகப்படுவதேன் என்று மாஸ்டர் கேட்டார். 1344இல் இபுன் பதூதா என்னும் மொறோக்கோ யாத்திரிகர் புத்தளப் பக்கத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அவனுடைய முத்துக்குவியலையும் கண்டார். அவன் உதவியோடு சிவனொளிபாதமலைக்கும் போனார். கடலிற் கப்பல்களும் கரையில் முத்துக்குளிப்பும் உடைய அரசனின் காசு, பாக்குநீரிணையைக் கடந்து போகாமலிருந்தாற்றான் அதிசயம். எந்தக் கரையில் அகப்பட்டதென்பது ஒரு சான்று. எந்த அச்சில், எந்த எழுத்தில், எந்தச் சின்னத்தோடு அடிக்கப்பட்டதென்பது அதனிலும் வலிய சான்று.

மாஸ்டர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, “அப்ப இது எங்கடை காசு” என்றார். அத்தோடு நில்லாமல் அன்றிரவே ஊரிற் பாதிப்பேருக்குச் சங்கிலியன் கையால் தொட்ட காசு என்று சொல்லிவிட்டார்! அரசனுடைய சொந்தப்பெயர் அந்தக் காசில் இல்லை. சேது என்ற சொல் மட்டுமே உண்டு. இராமநாதபுரத்துக்கு இழுத்தவரே இப்போது சங்கிலித்தோப்புக்கு இழுக்கிறார் என்று நான் சொல்ல, அவர் கோபிக்காமல் தேத்தண்ணீர் தந்தார்.

ஆனால் அம்மம்மாவுக்குச் சொல்வது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. அவருக்கு அது பாட்டனார் கொண்டுவந்த காசு. பாட்டனாரின் படமோ உடைமையோ ஒன்றும் வீட்டில் இல்லை. 1995இல் எல்லாம் போய்விட்டன. நான் சொல்லப்போவது அந்த ஒன்றையும் எடுத்துவிடும். சொல்லாமல் விட்டாலென்ன என்று இரண்டு கிழமை யோசித்தேன். ஒருநாள் அவரே, “என்ன மோனை, புத்தகத்திலை என்ன கிடக்கு?” என்று கேட்டார். சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, அப்பு யாத்திரை போனது பொய்யோ என்று கேட்டார். யாத்திரை மெய்தான் அம்மம்மா, காசுதான் வேறு என்றேன். கொஞ்சநேரம் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் அவருக்குச் சொல்லவேண்டியிருந்தது. தொல்பொருட் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம். 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முற்பட்ட பொருளை மண்ணிற் கண்டெடுத்தால் அது அரசுக்குரியது, கண்டெடுத்தவர் அறிவிக்கவேண்டும். வளவு எங்களுடையது, ஆனால் காசு எங்களுடையதன்று. இச்செய்தி வீட்டிற் பெரும் வாக்குவாதத்தை உண்டாக்கிற்று. பழஞ்சாமான் வாங்கித்திரியும் ஒருவர் அதற்குமுன்பே படலையடிக்கு வந்து நல்ல விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். தங்கையின் வகுப்புக்கட்டணத்துக்கு உதவுமென்று மாமா சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயமில்லாமலில்லை. சாமியறையில் வைத்த பொருளை எடுத்துக்கொடுக்கலாமா என்று அம்மா கேட்டார். அம்மம்மாதான் முடித்துவைத்தார். “ராசான்ரை காசெண்டால் ராச்சியத்துக்குத்தான் குடுக்கவேணும். விக்கிறதெண்டால் நான் சாப்பிடன்” என்றார். பிரதேச செயலகத்தின்மூலம் அறிவித்தோம். பின்பு காசையும் கொடுத்துவிட்டோம்.

கொடுக்குமுன் ஒருநாள் கண்ணாடிவில்லையை அம்மம்மா கையிற் கொடுத்து, அரசன் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். அவர் கண்ணுக்கு அரசன் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை. “இதென்ன, குத்துவிளக்கல்லோ!” என்றார். ஆமென்றேன். மற்றப்புறத்திலும் ஒன்றிருந்ததென்றும், அதை நான்தான் புளிபோட்டுத் தேய்த்து அழித்தேனென்றும் சொன்னேன். இவ்வளவு காலம் விளக்கைத் தேடித் தேடி வளவைக் கிண்டியவர் சிரித்துவிட்டார்.

காசை வாங்கிக்கொண்ட உத்தியோகத்தர் முதலிற் கேட்டது எந்த அரசன் என்றன்று. எத்தனை அடி ஆழத்தில் எடுத்தீர்கள், அதனோடு வேறென்ன இருந்தன என்றே கேட்டார். நான் விழித்தேன். தங்கை அதை எடுத்தது வெட்டி எறிந்த மண்ணில். எந்த ஆழத்து மண் அது என்று யாருக்குத் தெரியும்? தெரிந்திருந்தாலும், 1995இல் அம்மம்மா வெட்டிய குழியாலும், பின்பு விளக்கைத் தேடிப் பலமுறை கிண்டியதாலும், அவ்விடத்தில் மேல்மண் கீழும் கீழ்மண் மேலுமாகிவிட்டன. ஆனைக்கோட்டையில் 1980இல் பேராசிரியர் இந்திரபாலாவும் கலாநிதி இரகுபதியும் உள்ளிட்ட பல்கலைக்கழகக் குழுவினர் அகழ்ந்தபோது, பிராமியெழுத்துப் பொறித்த முத்திரை ஒரு மனித எலும்புக்கூட்டோடு மட்பாண்டங்களுக்கிடையே அகப்பட்டது. அதனாலேயே அச்சிறு பொருள் அவ்வளவு பேசுகிறது. அதையே யாராவது தோட்டத்திற் கிண்டி எடுத்துப் பையிற் போட்டுக்கொண்டு போயிருந்தால், எழுத்து மட்டுந்தான் எஞ்சியிருக்கும். கந்தரோடையிலும் அப்படியே. 1917ஆம் ஆண்டளவில் போல் பீரிஸ் அங்கே சனங்களிடமிருந்து பழங்காசுகளைச் சேகரித்தார். அவற்றுள் உரோமர் காசுகளும் இருந்தன. அவை எந்தக் குழியிலிருந்து வந்தன, அக்குழியில் வேறென்ன இருந்தன என்பவற்றைத் தோட்டக்காரனின் மண்வெட்டி எழுதிவைக்கவில்லை.

அதனால், எங்கள் காசு யாருடையதென்று அறிந்தோம். அது எங்கள் வளவில் ஏன் கிடந்ததென்று அறியும் வழியை எங்கள் கையாலேயே கெடுத்துக்கொண்டோம். அங்கே ஒரு வீடிருந்ததா, சந்தைக்குப் போனவன் மடியிலிருந்து விழுந்ததா, பறங்கியர் வந்த ஆண்டில் யாரோ ஒருவர், அம்மம்மாவைப்போல, ஊரைவிட்டுப் போகுமுன் தாட்டதா? இந்தக் கடைசி எண்ணம் எனக்கு வந்தபோது இரவில் நித்திரை வரவில்லை.

உத்தியோகத்தரிடமிருந்து திரும்பிய அன்றே நானும் தங்கையும் குவித்துக்கிடந்த மண்ணை அரிதட்டில் இட்டு அரிக்கத் தொடங்கினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை போயின. கறுப்பும் சிவப்புமான சட்டித்துண்டுகள், சங்கு அறுத்த ஒரு துண்டு, நீலக்கோலமிட்ட பீங்கான் சில்லு இரண்டு, துருப்பிடித்த ஆணிகள், 1990ஆம் ஆண்டளவில் யாரோ குடித்துவிட்டு எறிந்த சோடாப்போத்தலின் மூடி. எல்லாவற்றையும் தனித்தனிக் கடதாசியிற் சுற்றி இலக்கமிட்டு வைத்திருக்கிறோம். இவற்றையும் அறிவித்திருக்கிறோம்; பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பட்டமரத்தின் குழியை இன்னும் மூடவில்லை. குழியின் ஒரு பக்கச்சுவர், கிணற்றுப்பக்கமாயுள்ளது, யாரும் கிண்டாத மண்போலத் தோன்றுகிறது. அதிலே மண்வெட்டி படக்கூடாதென்று மாமாவுக்கும் சொல்லி, மேலே கிடுகு போட்டு மறைத்திருக்கிறோம். அம்மம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அந்தப் பக்கத்திலேதான் விளக்கு இருக்குமென்று இப்போது சொல்கிறார்.

காசின் படங்கள் இரண்டும், தேய்க்குமுன் எடுத்ததும் தேய்த்தபின் எடுத்ததும், மேசையில் இருக்கின்றன. அருகருகே வைத்துப் பாருங்கள். யார் வளவிலாவது இப்படிப்பட்ட காசோ ஓடோ இருந்தால், தேய்க்காமல், எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள். பிரதேச செயலகத்துக்கு நானும் கூடவருகிறேன்.